ஒரே ஒரு மிட்டாய்

உலகத்தில் மற்றவர்களுக்கு ஆசை கடலளவு. அமெரிக்காவில் ஒஹாயோவில் இருந்த வெர்லின் ஸ்டோல்ட்ஸுக்கோ கடலையளவுதான். ஆனால் அந்தக் கடலைதான் அவரைக் கவிழ்த்தது.

சாக்லேட் கிண்ணத்துக்குள், கடலையை அரைத்துச் செய்த பீனட் பட்டர் அடைத்த மிட்டாய் என்றால் மனிதருக்கு உயிர். பொட்டலம் பொட்டலமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் சர்க்கரை ஏறிப்போய், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "வாரத்துக்கு ஒரே ஒரு மிட்டாய். அதுக்கு மேல கூடாது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஆர்லீன், "நான் பார்த்துக்கறேன் டாக்டர்" என்றாள். டாக்டரைவிட அந்த வார்த்தைக்குத்தான் வெர்லின் பயந்தார்.

கொஞ்ச நாள் தவித்தார். ஒரு சனிக்கிழமை காலை, முகத்தில் பாதி நுரையோடு சவரம் பண்ணும்போது ஞானம் பிறந்தது. டாக்டர் ஒன்று என்றுதானே சொன்னார்? எவ்வளவு பெரிய ஒன்று என்று சொல்லவில்லையே!

உடனே காரியத்தில் இறங்கினார். வீட்டிலேயே பெரிய கேக் அச்சாகப் பார்த்து எடுத்தார். சாக்லேட்டை உருக்கி, அச்சின் அடியிலும் சுற்றிலும் கனமாகப் பூசி உறையவைத்தார். பீனட் பட்டரில் பொடித்த சர்க்கரையும் வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசைந்து உள்ளே அமுக்கினார். மேலே மறுபடி சாக்லேட். ஃப்ரீசரில் வைத்துக் கதவைச் சாத்தியபோது, அழுத பிள்ளையைத் தூங்கவைத்த நிம்மதி.

ஆர்லீன் எட்டிப் பார்த்தாள். முன்னறைக்குப் போய் யாருக்கோ போன் பண்ணினாள்.

மத்தியானம் அச்சைக் கவிழ்த்தார். கார் சக்கரம் மாதிரி தொம்மென்று மேஜையில் இறங்கியது.

"என்ன வெர்லின் இது?"

"மிட்டாய். ஒரே ஒரு மிட்டாய். நல்லா எண்ணிப் பார்த்துக்கோ."

"எண்ணிட்டேன். ஒண்ணுதான். சாப்பிடு."

சண்டைக்குப் பத்து பதில் தயாராக வைத்திருந்தவருக்குச் சப்பென்று போய்விட்டது. இரண்டு கையாலும் தூக்கிக் கடித்தார். பாறை. திருப்பி மறுபக்கம் கடித்தார். பல் வழுக்கியதே தவிர, மிட்டாய் மசியவில்லை.

"சாப்பிடச் சொன்னா முத்தம் குடுத்துட்டு இருக்கியே?"

"கத்தியை எடு, ஆர்லீன்."

கத்தி ஏற்கெனவே அவள் கையில் இருந்தது. வெர்லின் மூச்சுப் பிடித்து வெட்டினார்.

"இப்ப எத்தனை இருக்கு?" என்றாள்.

"எட்டு."

"உனக்கு எத்தனை?"

வெர்லின் கூரையைப் பார்த்தார். "ஒண்ணு."

"பாக்கி?"

வாசல் மணி அடித்தது. தேவாலயப் பாட்டுக் குழுப் பெண்கள் ஏழு பேர், சிரித்த முகமாக உள்ளே வந்தார்கள்.

"எங்களுக்காக நீங்களே செஞ்சீங்களாமே! ஆர்லீன் போன்ல சொன்னா. எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!" என்று உருகினார் குழுவில் மூத்தவரான ஓப்பல் அம்மாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் வெர்லின். வேறென்ன சொல்ல முடியும்?

தட்டுகள் நிறைந்தன. ஏழு பேருக்கு ஏழு. எட்டாவதை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள் ஆர்லீன்.

வெர்லின் அவள் காதருகே குனிந்தார். "ஆர்லீன், என் துண்டு?"

ஆர்லீன் தன் தோளில் கிடந்த துண்டை உருவி அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தா. எல்லாரும் சாப்பிட்டதும் தட்டெல்லாம் கழுவி, ஈரமில்லாம துடைச்சு வை."