பழமலைநாதன் கட்டிய பிராது

இந்த வருஷம் நவராத்திரிக்குள் லண்டன் காரில் பாண்டிச்சேரி கடற்கரையில் போய் இறங்கியே தீருவது என்று பழமலைநாதன் சபதம் எடுத்தார். ஆறு வருஷமாக எடுக்கிற சபதம்தான். கடற்கரை மட்டும் அங்கேயே இருந்தது.

ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவர் பழுது பார்க்க ஆரம்பித்துப் பாதியில் விட்ட பழைய கார் அது. நீண்ட மூக்கு, ரெண்டே கதவு. தூரப் பயணத்துக்கென்றே அந்தக் காலத்து வெள்ளைக்காரன் செய்தது. "முக்கால்வாசி வேலை முடிஞ்சிடுச்சு சார்" என்று சொல்லித்தான் தலையில் கட்டினார். மிச்சக் கால்வாசியில் இன்ஜின், பிரேக்கு, கால் வைக்கிற தரை எல்லாம் அடக்கம். மனைவி கை ராசியான கை என்று பழமலைநாதன் வண்டிப் பேப்பரை எல்லாம் அவள் பேரிலேயே மாற்றி வைத்தார். மின்வாரியத்தில் ரிட்டையரான மனுஷன் வாரம் ஒருநாள் வண்டியைத் துடைப்பார். மீதி நாள் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார்.

மனைவி கனகா பீங்கான் பொம்மை செய்கிறவள். கொலுவுக்கு நாலு ஊர் ஆர்டர் வந்து கிடந்தது. ஈரப் பொம்மையைக் காயவைக்க வூட்டுக்குப் பின்னால் இருந்தது ஒரே ஷெட்டு. அதில் கார் படுத்திருந்தது.

"ஏங்க, பாண்டிச்சேரியிலேர்ந்து ஒருத்தர் வராரு. வண்டிய இப்படியே எடுத்துக்கிறாராம்."

"இப்படியேன்னா?"

"ஓடாம."

"ஓடாத வண்டிய எவன் வாங்குவான்?"

"ஆறு வருஷம் முன்னாடி ஒருத்தர் வாங்குனாரே."

பழமலைநாதன் மறுநாள் குளித்து, விபூதி பூசி, மணவாளநல்லூருக்குப் போனார். அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை மனுவாக எழுதி வேலில் கட்டினால், மூணு மாசத்தில் சாமி தீர்ப்புச் சொல்லிவிடுவார். பிராது கட்டுவது என்று அதற்குப் பேர். 'எக்காரணத்தைக் கொண்டும் இந்தக் கார் ஷெட்டை விட்டு வெளியே போகக் கூடாது' என்று ஆபீஸ் பாஷையில் அழுத்தி எழுதிக் கட்டினார். தன் பேர் சாமியோட அப்பன் பேராயிற்றே, பிள்ளை கைவிடுவாரா என்று ஒரு தைரியம் வேறு.

"பிராது கட்டிட்டேன் கனகா. இனிமே வண்டிய எவனும் தொட முடியாது."

"இன்னா எழுதுனீங்க?"

ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார். அங்கேதான் மனுஷன் கெட்டார்.

கனகா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாண்டிச்சேரிக்காரருக்குப் போன் போட்டு, "கேஸு சாமிகிட்ட இருக்குது, பொறுங்க" என்றாள். பொண்டாட்டியை ஜெயித்த மிதப்பு எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் பழமலைநாதனுக்குத் தெரிந்தது. அந்த மிதப்பிலேயே வேலையில் இறங்கினார். கருவேப்பிலங்குறிச்சி மெக்கானிக் அருள்ஜோதியைக் கூட்டிவந்து தரையும் பிரேக்கும் போட்டார். அறுபதாம் நாள் இன்ஜின் இருமியது, தும்மியது, ஓட ஆரம்பித்தது. பழமலைநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஷெட்டு வாசலில் கனகா குறுக்கே நின்றாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"பாண்டிச்சேரிக்கு. நீயும் ஏறு."

"எக்காரணத்தைக் கொண்டும்னு எழுதிக் குடுத்துட்டு நீங்களே மீறலாமா? தெய்வக் குத்தமாயிடும்ங்க."

"நாளைக்கே போயி வாபஸ் வாங்கிடறேன்."

"தாராளமா வாங்குங்க. அந்த பாண்டிச்சேரிக்காரரும் தெனம் கேட்டுக்கினுதான் இருக்காரு. பேப்பரு எம் பேர்லதான இருக்குது. ஓடுற வண்டின்னா இன்னும் சந்தோஷமா எடுத்துக்குவாரு."

பழமலைநாதன் கியரில் வைத்த கையை எடுக்காமல் யோசித்தார். வாபஸ் வாங்கினால் கார் அவரை விட்டுப் போய்விடும். வாங்காவிட்டால் எங்கேயும் போகாது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் பாண்டிச்சேரி வரவில்லை. கூலிங்கிளாஸைக் கழற்றினார். இன்ஜினை அணைக்கச் சாவிக்குக் கையை நீட்டினார்.

அதற்குள் கனகா ஒரு பலகை நிறைய ஈரத் தசாவதாரத்தைத் தூக்கிவந்து சூடேறிய பானெட்டின் மேல் வைத்தாள். வெளியே ஆவணி மழை தூறிக்கொண்டிருந்தது.

"அணைக்காதீங்க. கூர்மத்துக்கு இன்னும் ஈரம் போவல."