காத்தர் வேகம் கூட்டிய கம்ப்யூட்டர்

கண்டி நகரத்தில் காற்றைக் காத்தர் அளவுக்கு நம்பிய மனிதர் எவரும் இல்லை. கடவுளைக்கூட அவர் அதற்கு அடுத்தபடியாகத்தான் வைத்திருந்தார்.

யுத்தம் நடந்த காலம். ஒரு ஹாஜியாரின் மாடி அச்சகத்தில் நான் கல்யாணக் கார்ட் அடித்துக்கொண்டிருந்தேன். எதற்கெடுத்தாலும் 'காத்து' என்பதால் காத்தர் என்று பெயர் வாங்கியவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டார். அது கிழட்டு மெஷின். ஒரு பிள்ளையார் படம் திறப்பதற்குள் பிளேன்டீ குடித்துக் கோப்பையையும் கழுவி வைத்துவிடலாம். புதிது வாங்க ஹாஜியார் சம்மதிக்கவில்லை.

"வாங்கத் தேவையில்லை," என்றார் காத்தர். "இதின்ரை புரோசசர் சோம்பேறி. முந்நூறு மெகாஹேர்ட்ஸில ஓடுது. நான் நானூற்றைம்பதில ஓடப் பண்ணுறன்."

"எரிஞ்சிடாதா அண்ணே?"

"எரியும். அதுக்குத்தான் காத்து."

மூடியைக் கழற்றினார். போர்டில் வேகத்தைத் தீர்மானிக்கும் ஒரு சின்னக் கட்டையைப் பிடுங்கி வேறிடத்தில் செருகினார். புரோசசரின் தலையில் அரை றாத்தல் பாண் ரொட்டி அளவுக்கு ஓர் அலுமினியக் கட்டி, அதன்மேல் ஒரு விசிறி, போதாதென்று பக்கத்தில் மேசை ஃபேன். ஜன்னல்களையும் திறந்துவிட்டார். ஹந்தானை மலைக் காற்று உள்ளே வந்து மாதிரிக் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனது. ஒருமுறை, பெண்ணின் தகப்பன் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மகளின் கல்யாணம் பேராதனை பஸ் கூரையில் ஏறிப் போய்விட்டது.

அலுமினியத்தில் விரலை வைத்துப் பத்து வரை எண்ணுவார். ஏழில் கையை எடுக்க நேர்ந்தால் வேகத்தைக் குறைப்பார். மணி, வேகம், எண்ணிக்கை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். வெளிநாட்டில் தண்ணீர் விட்டுக் குளிராக்குகிறார்களாம் என்று சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் மெஷின் பறந்தது.

ஒரு மத்தியானம் ஹாஜியார் திகனையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பொலிஸ்காரர் இருவர் சோதனைக்கு மாடியேறி வந்தார்கள். வயர் தொங்கும் திறந்த பெட்டி, மணி குறித்த கொப்பி, யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டை. இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில் கேட்டார்கள். காத்தர் விசிறியைக் காட்டி, "காத்து, காத்து," என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் கண்டியில் பிறந்தவன். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடை மெஷின், சூடாகாமல் பார்க்கிறார் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். ஆனால் என் அட்டையிலும் தமிழ்ப் பெயர்தான். இவரைத் தெரியுமா என்று கேட்டபோது, "தன்னே நே," என்றேன். தெரியாது. யாரோ திருத்த வந்தவர்.

கொப்பியையும் காத்தரையும் கொண்டுபோனார்கள். மூன்று நாள். ஹாஜியார்தான் அலைந்து மீட்டு வந்தார். அந்த மூன்று நாளும் நான் கார்ட் அடித்தேன். மெஷின் வேகமாகத்தான் ஓடியது.

திரும்பி வந்தவரின் உதடு வீங்கியிருந்தது. கதிரையில் உட்கார்ந்து அலுமினியத்தில் விரலை வைத்தார்.

"சூடாகேல்லைத்தானே தம்பி?"

"இல்ல அண்ணே. அன்னைக்கு நான் சொன்னது..."

"எனக்கெங்க தம்பி சிங்களம் விளங்கும். நீர் எனக்காக ஏதோ கதைச்சீர் எண்டு நினைச்சன்."

தன்னே நே என்பது கண்டிக்கு வந்து ஒரு வாரமானவனுக்கும் விளங்கும். காத்தர் வந்து நாலு வருஷம்.

பிறகு அவர் எங்கேயோ வெளிநாடு போய்விட்டார். இப்போது யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருக்கிறேன், அவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று. யாரும் கேட்பதில்லை.