எட்டு ஜீபீ மாப்பிள்ளை

பெரிய கணினித் திரையில் பஹ்மி வாயைத் திறந்தபடி உறைந்து நின்றான். வாய்க்கு முன்னால் ஒரு கரண்டி வட்டிலப்பம். ஊட்டுகிறவரின் கை மட்டும் தெரிந்தது. கல்யாண வீடியோ அந்த இடத்தைத் தாண்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஹாலில் கூடியிருந்த பெண்வீட்டுச் சொந்தக்காரர்கள் முதலில் சிரிப்பை அடக்கினார்கள். பிறகு அடக்கவில்லை.

"பாவம், எவ்வளவு நேரமாப் பசியோட நிக்காரு," என்றது ஒரு குரல்.

அசல் பஹ்மி கதிரையில் நெளிந்தான். கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகிறது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பது இந்தக் கரையின் வழக்கம். ஆகவே சாய்ந்தமருதில் அந்த வீட்டில் அவன் இன்னும் பாதி விருந்தாளி, பாதி கண்காட்சி.

"கிராபிக்ஸ் கார்ட் டிரைவர் பழசு. அப்டேட் பண்ணினாச் சரி," என்றான்.

திரையில் மூட முடியாத வாயை நேரிலாவது மூடியிருக்கலாம்.

"இவருக்கு இது சின்ன வேல," என்றாள் மனைவி மர்ஷூதா, எல்லோருக்கும் கேட்கும்படி. "என்ஜினியர்தானே."

இந்த என்ஜினியர் கதையைச் சொல்லிவிட வேண்டும். பஹ்மி கொழும்பில் ஒரு கணினிக் கடையில் பில் எழுதுபவன். நிந்தவூரில் அவனுடைய உம்மா அதைக் 'கொம்ப்யூட்டர் கொம்பனி' என்றார். கல்யாணத் தரகர் வாயில் ஏறி சாய்ந்தமருதில் இறங்கும்போது அது 'கொம்ப்யூட்டர் என்ஜினியர்' ஆகியிருந்தது. பஹ்மி மறுக்கவில்லை. மறுக்காததோடு நிற்காமல், மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, பில்லில் எழுதி எழுதிக் கை பழகிய வரியை அப்படியே ஒப்புவித்தான்: "எட்டு ஜீபீ கிராபிக்ஸ் கார்ட் போட்ட கொம்ப்யூட்டர்." மாமனார் மஜீட் ஹாஜியார் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி வந்தார். பெட்டியின் முகப்பில் பொன்னிற ஸ்டிக்கர் ஒன்று 'எட்டு ஜீபீ' என்று மின்னியது.

"வேணாம் மருமகன், உடுங்க," என்றார் மஜீட் இப்போது அவசரமாக. "பென் டிரைவ்ல ஏத்தி டீவியில பாப்பம்."

மாமாவுக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை என்று பஹ்மிக்குப் பட்டது. ரோஷம் வந்தது.

"பத்தே நிமிஷம் மாமா."

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதிதாக இணையத்திலிருந்து இறக்கி ஏற்றப் போனான். 'பொருத்தமான கார்ட் எதுவும் இந்தக் கணினியில் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு எழும்பியது.

"என்னவாம்?" என்றாள் மர்ஷூதா.

"புது டிரைவர் கார்டோட ஒத்துப்போகுதில்ல. பழசுதான் போடோணும்."

பழையதும் அதையே சொன்னது. யூடியூபில் ஒருவர், இருக்கிற டிரைவரை அடியோடு அழித்துவிட்டுப் போட்டால் எந்தக் கார்டும் பணியும் என்றார். பஹ்மி அழித்தான். திரையில் இருந்ததெல்லாம் அகலமாக ஊதிப்போயிற்று. மணப்பெண்ணின் முகம் பூசணிக்காயாகத் தெரிந்தது.

"அல்லாஹ்வே, என்ட புள்ளைக்கு என்ன மூஞ்சி இது!" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அது மாமி சுல்பிகா. மருமகனுக்கு முன்னால் அவர் வருவதில்லை. ஆனால் கதவிடுக்கில் அவர் கண்ணுக்குத் தப்புவதும் எதுவுமில்லை.

பஹ்மி அடுத்த வித்தையில் இறங்கினான். டிரைவரை வலுக்கட்டாயமாக ஏற்றினான். திரை கறுத்தது. அதற்குப் பிறகு அதில் தெரிந்தது அவனுடைய முகம் மட்டும்தான். அதுவும் கண்ணாடியில் தெரிவதுபோல.

மர்ஷூதா தேநீர்த் தட்டோடு குனிந்து காதுக்குள் சொன்னாள். "இஞ்ச, எல்லாருக்கும் பெருமையாச் சொல்லித்தான் கூப்பிட்டிரிக்கன். என்ட மானத்த வாங்கிராதீங்க."

வேறு வழியில்லாமல், பில்லில் எழுதிப் பழகிய கார்ட் கம்பனியின் உதவி இலக்கத்துக்கு அழைத்தான். ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினான். மூன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினான். ஒரு முழுப் பாட்டு முடிந்த பிறகு ஒரு பெண் குரல் வந்தது. "சேர், கார்டில இருக்கிற சீரியல் நம்பரச் சொல்லுங்க."

அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். பஹ்மி திருகாணியைத் தேட, மஜீட் எழுந்தார்.

"எனக்கு அஸருக்கு நேரமாயிட்டு," என்றார். அந்தப் பின்னேரத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. மருமகன் படும் அவமானத்தைப் பார்க்கச் சகிக்காமல் போகிறார் என்று பஹ்மி நினைத்துக்கொண்டான்.

மூடி கழன்றது. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கணினியின் வயிற்றைப் பார்த்தான். இரண்டு கையும் உள்ளே இருந்ததால் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, விசிறியோடு இருந்த பெரிய சாமானின் இலக்கத்தை வாசித்தான்.

"சேர், அது பவர் சப்ளை. கார்ட் நீளமா, போர்டில குத்தி இருக்கும்."

நீளமாக, போர்டில் குத்தியபடி ஒன்று இருக்கத்தான் இருந்தது.

"இரிக்கி, இரிக்கி!"

"அதக் கழட்டித் துடைச்சிட்டுத் திருப்பிப் போடுங்க சேர்."

கழற்றினான், துடைத்தான், திருப்பிக் குத்தினான். சுவிட்சைப் போட்டதும் பெட்டி 'பீப், பீப்' என்று அலறத் தொடங்கியது. நிறுத்தும்வரை அடங்கவில்லை.

தொலைபேசிக் குரல் மிகவும் மரியாதையாகக் கேட்டது. "சேர், பக்கத்தில கொம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆக்கள் யாராவது இருக்காங்களா?"

ஹால் முழுக்கக் கேட்டது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாளைக்கி அஸருக்குப் பொறகு எல்லாரும் வாங்க," என்றாள் மர்ஷூதா, அவன் பக்கம் திரும்பாமல். "இவரு ஒரு சாமான் வாங்கோணுமாம்."

பொய் சொன்னவன் அவன், கூனிக் குறுகுகிறவள் அவள். பஹ்மிக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது. எல்லாரும் போனபிறகு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் முன்னால் போய் நின்றான். "தேத்தண்ணி ஒண்டு தாங்க" என்றுதான் வாயில் வந்தது.

மறுநாள் காலை பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசல் கேற்றடிக்கு வந்தான். மஜீட் வழிமறித்தார்.

"எங்க மருமகன்?"

"கல்முனைக்கி மாமா."

மஜீட்டின் முகம் தெளிந்தது. "நல்லம், நல்லம். கல்முனையிலேயே செய்ங்க. அக்கரைப்பத்துப் பக்கம் மட்டும் போயிராதீங்க. அங்கத்தக் கடைக்காரனுகள் வாய்க்கு வந்ததக் கதைப்பானுகள்."

கல்முனையில் எந்தக் கடையில் ஏறினாலும் 'மஜீட் ஹாஜியார்ர மருமகனா?' என்று கேட்பார்கள். மாமாவுக்கே பிடிக்காத ஊரென்றால் அங்கே மாமாவைத் தெரிந்த ஆள் இருக்கமாட்டான். பஹ்மி அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினான். நிந்தவூரைத் தாண்டும்வரை, சொந்த ஊர் கண்ணில் படக்கூடாதென்று பெட்டிக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டே இருந்தான்.

சந்தைக்குப் பின்புறம் ஒதுக்கமான ஒரு கடையைத் தேடிப்பிடித்தான். கடைக்காரர் கேதீஸ்வரன் விரிப்பை அவிழ்த்தார்.

"யார்ர பெட்டி தம்பி?"

"கூட்டாளி ஒராள்ர. கிராபிக்ஸ் கார்ட் பழுது அண்ணன். புதுசு போட்டாலும் காரியமில்ல. ஆருக்கும் சொல்லிராதீங்க."

கேதீஸ்வரன் மூடியைத் திறந்தார். அந்த நீளமானதைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். 'டக்' என்றது. பிழையான டிரைவரையும் கழற்றிவிட, திரையில் வெளிச்சம் வந்தது.

"மெமரி சரியாக் குத்துப்படல்ல. அவ்வளவுதான்."

"அப்ப கார்ட்?"

கேதீஸ்வரன் அந்தப் பொன்னிற ஸ்டிக்கரைப் பார்த்தார். நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இதுக்குள்ள ஏது கார்ட்? படம் காட்டுறது வெறும் போர்டுதான். இந்த ஸ்டிக்கர் என்ட கையால ஒட்டினது. சாய்ந்தமருது ஹாஜியார் ஒருவர், மருமகனுக்குக் குடுக்கவெண்டு வாங்கினவர். கல்முனையில வாங்கினா ஊருக்குத் தெரிஞ்சிரும் எண்டு இஞ்ச வந்தவர்."

பஹ்மியின் காது இரண்டும் கொதித்தன. "அந்த... மருமகன் கண்டுபிடிக்க மாட்டாரா?"

"நானும் அதத்தான் கேட்டன் தம்பி. 'கொழும்பில விசாரிச்சிட்டன், நல்ல புள்ள, பில்லுத்தான் எழுதுறாரு. அவரு கார்டக் கடதாசியில மட்டுந்தான் கண்டிரிக்காரு, நீங்களும் கடதாசியவே ஒட்டி உடுங்க' எண்டாரு."