மைத்துனனுக்கு ஒரு போர்வை

அந்தப் பஞ்சுப் போர்வை என் மைத்துனனுக்குப் போகக் கூடாது என்று முடிவெடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து மனைவியைக் கேட்காமல் நான் எடுத்த ஒரே முடிவு அது.

மாதக்கணக்காக அவள் பருத்தித் துணிக்குள் பஞ்சு வைத்துக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் போனால் பத்து நிமிஷத்தில் வாங்கிவிடலாமே என்று நானும் விடாமல் கிண்டல் செய்தேன். சொன்னதோடு நிற்காமல் ஒரு நைலான் போர்வையும் வாங்கி வந்தேன். போர்த்தினால் வியர்க்கும், விலக்கினால் குளிரும், புரண்டால் தலைமுடி குத்திட்டு நிற்கும். வீறாப்பை விட முடியாமல் “ஆஹா, என்ன சுகம்” என்று சொல்லிக்கொண்டே விழித்துக் கிடந்தேன்.

ஒரு மதியம் அவள் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் தைத்துக்கொண்டிருந்ததை இழுத்து மேலே போட்டேன். அவ்வளவுதான் தெரியும். எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அப்படித் தூங்கிப் பல வருஷம் ஆகிறது. அன்றைக்கே நைசாகப் பேச்சுக் கொடுத்தேன்.

“இது யாருக்கு?”

“தம்பிக்கு. அடுத்த வாரம் வரான். உங்களுக்குத்தான் கடைப் போர்வை இருக்கே.”

போர்வை முடிந்தால்தானே தம்பிக்கு? அவள் வெளியே போகும்போதெல்லாம் உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். நீல நூலில் போட்ட பொடித் தையலுக்குள் ஊசிமுனைகூட நுழையவில்லை. நல்லவேளை, நெட்டை நெட்டையாக வெள்ளை நூல் தையலும் ஓடியது. அது இழுத்த இழுப்புக்கு வந்தது. எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

மைத்துனன் வந்தான். அவள் போர்வையை உதறி விரித்தாள். பஞ்சு பறக்கப்போகிறது என்று நான் ஜன்னலைக்கூடச் சாத்திவிட்டேன். ஒரு இழை அசையவில்லை.

“துணி நகராம இருக்க முதல்ல வெள்ளை நூல்ல தற்காலிகமா தைச்சுக்குவேன்” என்று தம்பிக்கு விளக்கினாள். “அப்புறம் அதைப் பிரிக்கிறதுதான் பெரிய வேலை. எல்லாம் உன் அத்தான் பிரிச்சார். அவருக்கு வசதியா, முடிஞ்ச பக்கத்தை மேல மடிச்சு வைப்பேன்.”

மைத்துனன் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் சிரித்து வைத்தேன்.

அவன் போர்வையோடு கிளம்பியதும், வெட்கத்தை விட்டு எனக்கும் ஒன்று தைக்கச் சொன்னேன். கட்டாயம் என்றாள். ஒரு சின்னக் கத்தரிக்கோலை என் கையில் வைத்தாள்.

“முதல்ல எங்க மூணு அண்ணன்களுக்கும் முடிச்சுடலாம். நீங்கதான் பிரிக்கக் கத்துக்கிட்டீங்களே.”