எலுமிச்சம்பழத்துக்கு என்ன நட்சத்திரம்?

காஞ்சிபுரத்தில் இட்லியும் மனிதர்களும் ஒரே பதத்தில் வெந்துகொண்டிருந்த சித்திரை மாதம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் காற்று விற்க வந்தால் கூட்டம் கூடாமல் என்ன செய்யும்?

ஓரிக்கை போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் பனைமர உயரத்துக்கு ஒரு பேனர். அதில் மேகத்தின் மேல் சம்மணம் போட்டிருந்தார் காற்றானந்தர். ஒரு கையில் உத்திராட்சம், மறு கையில் சார்ஜ் ஃபேன். 'பஞ்சபூதத்தில் காஞ்சி மண், காளத்தி காற்று. மண்ணைத் தேடிக் காற்று வந்திருக்கிறது' என்று கீழே வாசகம். காளத்தியிலிருந்து காற்றைப் பையில் அடைத்துக்கொண்டு வந்தாரா, பஸ்ஸில் டிக்கெட் எடுத்துக் கூட்டிவந்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் வரிசையில் இடம் போய்விடும்.

கோடைக்கு மலை, கடல், கூடாரம் என்று கிளம்புகிறவர்கள் உடம்பில் 'அந்நியக் காற்று' புகுந்துவிடும் என்பது சாமியாரின் கண்டுபிடிப்பு. அவருடைய மந்திர விசிறியை எடுத்துப்போனால் புகாதாம். ஆனால் அதை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. விசிறிதான் ஆளைத் தேர்ந்தெடுக்கும். கையில் கொடுத்ததும் சுற்றினால், காற்று ஏற்றுக்கொண்டுவிட்டது. சுற்றாவிட்டால் தோஷம். ஓடாத ஃபேனுக்காக வாங்க வந்தவனைக் குற்றம் சொல்லும் வியாபாரத்தை ஊர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது. பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தேவிப்ரியாவுக்கு வேண்டியிருந்தது மந்திரம் அல்ல, ஒரு ஃபேன். கணவன் பாண்டியன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். உடன் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு ஜவ்வாது மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து தறி, வீடு, தறி என்றே இருந்தவளுக்கு அது முதல் பயணம். இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் கலீல் பாய் கடைக்குப் போய் விசாரித்தார்கள்.

"கூடாரத்துக்கா? அப்ப இத்த எடும்மா," என்றார் கலீல் பாய். "பேட்டரி பெருசு. நடு ஸ்பீடுல வெச்சா ராத்திரி பூரா ஓடும். மேல மாட்டிக்க கொக்கி இருக்குது. பவர்பேங்க்லயும் ஏத்திக்கலாம். அதோ மின்னுது பாரு, அது லைட்டுதான் ஜாஸ்தி, காத்து கம்மி."

இந்த நல்ல விஷயத்தை வீட்டில் வந்து சொன்னதுதான் தவறு. மாமியார் பெரியநாயகி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

"பேட்டரி பாத்து வாங்குறாளாம், பேட்டரி. ராசி பாக்க வேணாமா? பட்டுக்கடை பரசுராமனே சாமியாண்ட போய்த்தான் வாங்கிக்கினு வந்தாரு. அவருக்கு இல்லாத அறிவா?"

மூவரும் மண்டபத்துக்குப் போனார்கள்.

"என்ன தொழில்?" என்று கேட்டார் காற்றானந்தர். நட்சத்திரத்தை அப்புறம்தான் கேட்டார்.

"என் புள்ள கம்பெனில இருக்கான் சாமி," என்றாள் பெரியநாயகி.

சாமியார் அவள் உள்ளங்கை நிறையத் தீர்த்தம் விட்டார். கொஞ்சம் உப்புக் கரித்த தீர்த்தம். அவள் குடித்து, மீதியைத் தலையில் தடவி, ஈரக் கையோடு விசிறியைப் பிடித்தாள். விர்ரென்று சுற்றியது. பெரியநாயகிக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அடுத்து தேவிப்ரியா.

"தறி நெய்யறேங்க."

சாமியாரின் கை தீர்த்தச் செம்பைத் தாண்டி விபூதித் தட்டுக்குப் போனது. அவள் இரண்டு உள்ளங்கையிலும் அழுத்தித் தேய்த்து, விசிறியைக் கொடுத்தார். விசிறி அசையவில்லை.

"பட்டுப்பூச்சி சாபம்," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "கொதிக்கிற தண்ணியில வெந்து செத்த பூச்சிங்களோட கடைசி மூச்சு உன் பின்னால சுத்திக்கினு இருக்குது."

"நான் நெய்யத்தான செய்யறேன் சாமி. பூச்சிய வேகவெக்கிறது வேற ஊருல."

"நெய்யற கையிலதான் பாவம் ஒட்டும்."

பட்டை விற்கும் பரசுராமனுக்கு ஒட்டவில்லை. காற்றானந்தரின் இடுப்பில் கைஅகல ஜரிகைக் கரையோடு பட்டு வேட்டி மினுங்கியது, அவருக்கும் ஒட்டவில்லை. நல்ல விவரமான பாவம். ஆள் பார்த்து ஒட்டுகிறது.

பரிகாரம் எளிமையானது. சொந்தக் கையால் நெய்த பட்டுச்சேலை ஒன்றை வெள்ளிக்கிழமை சாமியார் காலடியில் வைக்க வேண்டும். வைக்காமல் ஊர் தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது.

தேவிப்ரியாவிடம் அப்படி ஒரு சேலை இருந்தது. ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் கூலிக்கு நெய்து, அடுத்தவர் கல்யாணத்துக்குப் போனவை. மீந்த நூலையும் மீந்த ஜரிகையையும் சேர்த்துவைத்து, தூக்கத்தில் கொஞ்சம், சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் என்று திருடி, மாம்பழ நிறத்தில் தனக்கென்று நெய்தது. அதைக் கட்டிக்கொண்டு மலைமேல் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"சேலைய குடு. இல்ல, மலைய மற," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள் மாமியார். அதற்குள் தெருவில் வேறு பேர் வைத்துவிட்டார்கள். காத்தே ஒதுக்கின பொண்ணாம். குழாயடிக்கு அவள் போனால் பேச்சு நின்றது.

வியாழக்கிழமை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள் தேவிப்ரியா. சமையல் மேடையில் மாமியார் வாங்கிவந்த மந்திர விசிறி குறுக்கே கிடந்தது. நகர்த்திவைக்கலாம் என்று ஈரக் கையால் எடுத்தாள்.

விர்ர்ர்.

பயந்து கீழே போட்டாள். நின்றது. மறுபடி எடுத்தாள். சுற்றியது.

ஒதுக்கிய காற்று ஒரே வாரத்தில் மனம் மாறிவிட்டதா? கையைத் துடைத்துக்கொண்டு தறியடிக்குப் போனாள். ஜரிகையைத் தொடுமுன் உள்ளங்கையில் சாம்பலைத் தேய்த்துக்கொள்வது அவள் பழக்கம். வியர்வை பட்டால் ஜரிகை கறுத்துவிடும். தேய்த்தவள், தேய்த்தபடியே நின்றாள். சாம்பல் எதற்கு? கை உலர்ந்திருக்க. சாமியார் விபூதி தேய்த்தது எதற்கு?

ஓடிப்போய்ச் சாம்பல் கையால் விசிறியைப் பிடித்தாள். கல் மாதிரி நின்றது. இப்போதுதான் கைப்பிடியை ஒழுங்காகப் பார்த்தாள். இரண்டு பித்தளை வளையங்கள், நடுவில் விரல்கடை இடைவெளி. ஈரத் துணியை இரண்டின் மேலும் படும்படி போட்டாள். துணியைக் காற்று ஏற்றுக்கொண்டது.

"அத்தை, இங்க பாருங்க. ஈரம் பட்டா சுத்துது. அவ்ளோதான்."

பெரியநாயகி பார்த்தாள். ஆனால் நம்புவதற்குக் கண் மட்டும் போதாதே. "ஈரத் துணியில வந்து சுத்த வெக்கிறதும் சாமிதான்டி."

பாண்டியன் அம்மாவையும் பார்த்தான், மனைவியையும் பார்த்தான். கல்யாணமான ஆண்கள் பார்க்கிற அதே பார்வை. "இப்ப இன்னாதான் பண்ணலாம்ன்ற?"

"நாளைக்கு மண்டபத்துக்குப் போலாம். சேலையோட."

வெள்ளிக்கிழமை. மண்டபம் வழிந்தது. நெசவாளிகள் கையில் சேலையோடு வரிசையில் நின்றார்கள். மேடையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் பட்டுக்கடை பரசுராமன். தேவிப்ரியாவின் முறை வந்தது. சாமியார் சேலைக்குக் கை நீட்டினார்.

"குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ விசிறிய புடிச்சிப் பாக்கறேன் சாமி."

"தாராளமா." கை விபூதித் தட்டுக்குப் போனது.

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "விபூதி வேணாம். எங்க அத்தைக்குக் குடுத்தீங்களே, அந்தத் தீர்த்தம் குடுங்க."

"தறிக்காரங்களுக்குத் தீர்த்தம் ஆகாது."

"சரிங்க. அப்ப எனக்கு வேணாம்."

சாமியாரின் முன்னால் திருஷ்டிக்கு அறுத்து, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழ மூடிகள் இருந்தன. ஒன்றை எடுத்தாள். மேடையிலிருந்த விசிறியின் பித்தளை வளையங்கள் மேல் கவிழ்த்துவைத்தாள்.

விர்ர்ர். தட்டிலிருந்த விபூதி பறந்து சாமியாரின் தாடியில் போய் உட்கார்ந்தது.

வரிசை மேடையை நோக்கி நெருங்கியது.

"எலுமிச்சம்பழத்துக்கு என்ன நட்சத்திரம் சாமி?" என்றாள் தேவிப்ரியா. "என்னை ஒதுக்கின காத்து இத்த சேத்துக்கிச்சே."

"அது... அது அம்பாள் அம்சம்மா."

"அப்ப நீங்க புடிங்க. விபூதி பூசிக்கினு புடிங்க. உங்களுக்குத்தான் சாபம் இல்லயே."

பாண்டியன் முன்னால் வந்தான். மிகுந்த பணிவோடு சாமியாரின் இரண்டு உள்ளங்கையிலும் விபூதியைத் தேய்த்தான். பாத்திரம் தேய்ப்பது போலத் தேய்த்தான். விசிறியைக் கையில் வைத்தான்.

காற்றானந்தர் பிடித்தார். காற்று வரவில்லை.

"அட, சாமிக்கும் பட்டுப்பூச்சி சாபம் வந்துட்ச்சிபா," என்றது வரிசையில் ஒரு குரல். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அந்தப் பக்கம் பத்துப் பேர். சாமியாரின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. மூக்கில் வியர்த்தது. உள்ளங்கையிலும் வியர்த்திருக்க வேண்டும். ஏனென்றால் விபூதி கரைந்து குழம்பாகி விரலிடுக்கில் வழிய, விசிறி ஒருமுறை முனகி, மெல்ல, பிறகு வேகமாகச் சுற்றத் தொடங்கியது.

"பாருங்க," என்றாள் தேவிப்ரியா. "பயத்துல வேர்த்தாலும் சுத்துது."

மண்டபம் அதிர்ந்தது. பாண்டியன் விசிறியை வாங்கிக் கைப்பிடியின் அடியில் அப்பியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினான். உள்ளே சார்ஜர் சொருகும் ஓட்டை. காற்று இறங்கிய விசிறிகளுக்கு 'காளத்திக் காற்று ஏற்றும்' உள்ளறையைத் திறந்தார்கள். சுவர் நெடுக ப்ளக். ஒரு மூலையில் மலைபோல் பட்டுச்சேலைகள். தன் சேலை எது என்று எந்த நெசவாளியும் தடுமாறவில்லை. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் தூக்குவது போல் தூக்கினார்கள்.

அந்தக் கலவரத்தில் காற்றானந்தர் சமையல்கட்டு வழியாகக் காற்றாய்ப் பறந்துவிடப் பார்த்தார். சேலைக்காரர்கள் விடவில்லை. வேட்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தியபின்தான் பூர்வாசிரமப் பெயர் வந்தது: வேணுகோபால். பொருட்காட்சிகளில் தொட்டால் பாடும் பொம்மை விற்றவர். போலீஸ் ஜீப்பில் ஏறும்போது யாரும் நல்ல நேரம் பார்க்கவில்லை.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. பரசுராமன் எழுந்து, கைகூப்பியபடி தேவிப்ரியாவிடம் வந்தார்.

"அம்மா, அந்த எலுமிச்சம்பழத்த எனக்குக் குடுமா. கல்லாவுல வெக்கணும். அதுல ஏதோ சக்தி இருக்குது."

தேவிப்ரியா வாயைத் திறக்குமுன் பெரியநாயகி பதில் சொன்னாள்.

"எடுத்துக்கினு போய் ஜூஸ் போட்டுக் குடிங்க. உப்பு கொஞ்சம் தூக்கலா போட்டுக்கங்க, தீர்த்தம் மாதிரி இருக்கும்." மருமகள் கையிலிருந்த மாம்பழ நிறச் சேலையை வாங்கி, கசங்காமல் நீவி மடித்தாள். "இத்த பையில மேலாக்க வெய்யி. போட்டோவுல மடிப்பு தெரியும்."

அந்தச் சனிக்கிழமை ஜவ்வாது மலையில் ஒரு கூடாரத்துக்குள், கலீல் பாய் கடை ஃபேன், யாருடைய ராசியையும் கேட்காமல், கொக்கியில் தொங்கி விடியவிடியச் சுற்றியது. சார்ஜ் இறங்கினால் ஏற்றிக்கொள்ளச் சின்னதாக ஓர் ஓட்டை அதற்கு உண்டு. நம் மூளைக்கும் உண்டு. அடைத்திருக்கும் சந்தனத்தை அவரவர் நகத்தால்தான் சுரண்ட வேண்டும்.