போர்வை அலமாரியில் அது

ஆய்வாளர் வர இன்னும் இருபத்தாறு மணி நேரம். படிக்கட்டுக்குக் கீழே இருந்த போர்வை அலமாரிக்குள் மெல்லிய சாம்பல் வால் ஒன்று நுழைந்து மறைவதை பிரீஷா பார்த்தாள்.

"ஓரி, வீட்டுக்குள்ள அது வந்துடுச்சு."

அவள் கணவன் விசிலடித்து மேசையின் மரத்தைத் தொட்டான். மாண் தீவில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. வாய் தவறினால் இதுதான் பரிகாரம்.

"நான்தான் பேரையே சொல்லலையே!"

"நான் மனசுல நெனச்சுட்டேன்."

பிரீஷா படியில் உட்கார்ந்தாள். அவர்கள் நடத்தியது நான்கு அறை விடுதி. ஆய்வாளர் கண்ணில் அது பட்டால் உரிமம் போய்விடும், கோடை வருமானமும் போய்விடும்.

"பூனை எதுக்கு இருக்கு?" என்றான் ஓரி.

போனாக், தீவின் நாட்டுப் பூனைகளைப் போல வாலில்லாதது. போன மாதம்வரை உருண்டையாக இருந்தது, இப்போது இளைத்திருந்தது. அதை அலமாரிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால், நல்ல போர்வைமேல் படுத்து உறுமிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் கூட்டு சேர்ந்துடுச்சு," என்றாள் பிரீஷா.

ஓரி புகைபோட்ட மீனை வைத்துப் பொறி கட்டினான். மீனைப் போனாக் தின்றது. பொறியில் ஓரியின் விரல் சிக்கியது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் லிவர்பூலிலிருந்து கொண்டுவந்திருந்த கடுவன் பூனையை இரவல் வாங்கினார்கள். நீண்ட வால், பெரிய மீசை. போனாக் அதை வீடு முழுக்கத் துரத்தியது. திரைச்சீலை கிழிந்தது, தேநீர்க் கெண்டி உடைந்தது. கடுவன் காது கிழிந்து மதிலேறியது. போனாக் அலமாரி வாசலில் நின்று பிரீஷாவைப் பார்த்துச் சீறியது.

"நீ யார் கட்சிடி?" என்றாள் அவள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

ஆய்வாளர் வந்தார். அக்கரை ஆள், இங்கிலாந்துக்காரர். கப்பலில் வாந்தியெடுத்து முகம் வெளுத்திருந்தது.

"குளிருது. ஒரு போர்வை கிடைக்குமா?"

"மாடியில இருந்து எடுத்துத் தரேன், சார்!"

அதற்குள் அவர் அலமாரியைத் திறந்துவிட்டார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"உள்ளே என்ன இருக்குன்னு தெரியுமா, மேடம்?"

"தெரியும். உரிமத்தை வேணா எடுத்துக்கோங்க. பேரை மட்டும் சொல்லிடாதீங்க, புண்ணியமா போகும்."

ஓரி முன்கூட்டியே விசிலடித்தான்.

ஆய்வாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எலி இல்ல மேடம், உங்க பூனை போட்ட குட்டிங்க. மூணு. வால் மட்டும், வெளியே மதில்மேல காது கிழிஞ்சு உக்காந்திருக்காரே, அவரோடது."