ஜெயிக்கும்போது இடம் மாறக் கூடாது

"நேத்து நம்ம பசங்க என்ன ஆனாங்க மலர்கொடி?"

தர்மராஜ் சார் பேனா மூடியைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டார். பேனாவுக்குக் கீழே மலர்கொடியின் இடமாற்ற மனு இருந்தது. பெரம்பலூர் ஆபீஸிலிருந்து அரியலூர் ஆபீஸுக்கு ஒரு டைப்பிஸ்ட். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆஸ்திரேலியாவில் இளைஞர்களுக்கு முதன்முதலாக உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. அரியலூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் தன் கணவன் பழனிவேல் ரேடியோவைத் திருகித் திருகி அதைக் கேட்கிறான் என்று அவள்தான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து இந்தக் கேள்வி.

"நான் பேப்பர் பாக்கறதில்லம்மா. தோத்தத அச்சுல பாத்தா சோறு எறங்காது" என்பார் சார்.

பையன்கள் தோற்றிருந்தார்கள். போன நவம்பரில் பெரியவர்களின் உலகக் கோப்பையில் இந்தியா பம்பாயில் தோற்றபோது ஆபீஸில் ஒரு வாரம் எந்த ஃபைலும் நகரவில்லை. மலர்கொடி பேனாவைப் பார்த்தாள்.

"ஜெயிச்சிட்டாங்க சார்."

பொய் சொன்னால் நாக்கு கூசும் என்று நினைத்திருந்தாள். கூசவில்லை. அதுதான் அவளுக்குக் கூசியது.

சாரின் முகம் மலர்ந்தது. பேனாவை மூடினார்.

"அப்ப இது இப்படியே இருக்கட்டும். ஜெயிச்சிட்டிருக்கறப்ப யாரும் எடம் மாறக் கூடாது. எம்பத்து மூணுல ஃபைனல் முடியற வரைக்கும் என் சம்சாரத்த அடுப்படிய வுட்டு வெளிய வர வுடல. கப்பு வந்துச்சா இல்லையா?"

"நான் ஆடலையே சார்."

"சேதி சொல்ற ஆளு நீதான. அசையாம இரு."

மாலை அரியலூர் பஸ்ஸில் குன்னம் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. வீட்டில் மகள் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குக் குஞ்சம்மாள்தான் அம்மா. மலர்கொடி 'பஸ் அம்மா'. அதைச் சொல்லிக் காட்டித் தெருவே சிரிக்கும். மலர்கொடியும் சிரிப்பாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றான் பழனிவேல். "அடுத்த மேட்சுல தோத்துட்டானுங்கன்னு சொல்லு. எடம் மாறலாம்ல."

சொன்னாள். அன்றைக்குப் பார்த்துப் பையன்கள் உண்மையிலேயே ஜெயித்திருந்தார்கள்.

சார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தோத்துட்டாங்களா? நல்லாக் கேட்டியா?"

"ஆமாங்க சார்."

அவர் தலைவலி என்று மதியமே வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாளும் மேஜையில் ஃபைல்கள் குவிந்து கிடந்தன. கணக்குப் பிரிவு அமிர்தவல்லி, "உன் வூட்டுக்காரர் ரேடியோவுல தீய வைக்க. என் லோன் பேப்பரும் அதுல கெடக்குடி" என்றாள்.

மலர்கொடி சாரின் அறைக்குள் போனாள்.

"சார், ரேடியோவுல ஒரே எரைச்சலாம். தப்பாக் கேட்டுட்டாராம். ஜெயிச்சது நாமதான்."

"அப்படியா? எப்படி ஜெயிச்சாங்க?"

"கடைசிப் பந்துல சார். எடது கைப் பையன் ஒருத்தன் அடிச்சிட்டான்."

"எடது கையா? ஏம்மா அமிர்தவல்லி, இங்க வா. மலர்கொடி, முதல்லேருந்து சொல்லு."

சொன்னாள். இரண்டாம் முறை சொல்லும்போது அந்தப் பையனுக்குக் காலில் அடிபட்டிருந்தது. மூன்றாம் முறை அவனுக்கு அப்பா இல்லை. அமிர்தவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மலர்கொடி தன்னைத்தானே விசாரித்துக்கொண்டாள். அவள் இதுவரை எதிலும் ஜெயித்ததில்லை. இந்த வேலைகூட அப்பா செத்ததால் கிடைத்தது. இப்போது அவள் வாயைத் திறந்தால் நாடு ஜெயிக்கிறது. மனுவுக்காக மட்டும்தான் சொல்கிறாளா? அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் ஒவ்வொரு வெற்றியும் அவளைப் பெரம்பலூர் நாற்காலியில் இன்னும் அழுத்தி உட்காரவைத்தது.

ஒருநாள் பழனிவேல் ரேடியோவை அணைத்தான். "முடிஞ்சிச்சு. செமிஃபைனல்ல நம்மாளுங்க இல்ல. மூட்ட கட்டிட்டானுங்க."

"கப்ப வாங்கிட்டா போட்டி முடிஞ்சிருமில்ல?"

"யாரு வாங்கினா?"

"யாரு வாங்கினா என்னங்க, முடிஞ்சிரும். அப்புறம் எடம் மாறலாம்."

ஃபைனல் நடந்த மறுநாள் மலர்கொடி இந்தியாவுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தாள். எடது கைப் பையன் அதைத் தூக்கியபோது அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சார் ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை செட்டிகுளம் மலையேறிப் பையன்கள் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலையில் மனுவை எடுத்துவரச் சொன்னார்.

பியூன் அய்யம்பெருமாள் அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் விபூதிப் பொட்டலம்.

"சார் குடுக்கச் சொன்னாரும்மா."

"கையெழுத்துப் போட்டாராண்ணே?"

"போட்டாரு. எடமாற்றம் தர முடியாதுன்னு எழுதி, அதுக்குக் கீழ."

"ஏண்ணே? கப்புதான் வந்துடுச்சே. இனிமே எடம் மாறுனா என்ன?"

அய்யம்பெருமாள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அவரு தெனமும் காலையில பாலக்கரை சலூன்ல பேப்பர் பூராப் படிச்சிட்டுத்தாம்மா ஆபீஸுக்கே வராரு. 'அந்தப் பொண்ணு அரியலூருக்குப் போயிட்டா நம்ம பசங்கள இனிமே யாருய்யா ஜெயிக்க வைப்பா'ங்கறாரு."